ஊசல் செய்முறை பற்றி சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

இந்தப் பருவத்திலிருந்து தனி ஊசல் செய்முறையில் கடைசி விடையான புவியீர்ப்பு முடுக்கத்துக்கு மதிப்பெண் இல்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அட்டவணைக்கு, வரைபடத்துக்கு, பிழை எங்கே புகுந்தது என்று எழுதுவதற்கு மட்டும்தான். நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு மாற்றுவது முதுகுக்குப் பின்னால் செய்வதுபோலத் தோன்றும். மன்னியுங்கள். அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

காரணம், 9.8 வரவேண்டிய இடத்தில் ஒரு மாணவிக்கு விடையாக வந்த அந்த 10.88. எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நீளம் 100 செ.மீ., 20 அலைவுக்கு 38.1 விநாடி. மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே அளவு. நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "9.8 வரணுமே" என்றீர்கள். அந்தப் பெண் அழிரப்பரை எடுத்து 38.1-ஐ 40.1 ஆக்கினாள். 9.82 வந்தது. கையெழுத்துப் போட்டீர்கள்.

அவள் அழித்ததில்தான் சார் இயற்பியல் இருந்தது. மூன்று முறையும் ஒரே அளவு வந்தால் கை நடுங்கவில்லை, கவனம் சிதறவில்லை என்று அர்த்தம். அவள் அளவில் குறைவாக இருந்தது 2 விநாடி. ஒரு மீட்டர் ஊசலுக்கு அது சரியாக ஓர் அலைவு நேரம். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். அவள் அளந்தது 19 அலைவு. "பூஜ்யம்" என்று தொடங்கச் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

உங்களுக்கிருந்த நெருக்கடி தெரியாமல் பேசவில்லை. தாங்கிகள் குறைவு, பிள்ளைகள் அதிகம், ரெக்கார்டு நோட்டைப் புரட்டுகிறவர்கள் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் கருவியில் உங்களைப் போல அக்கறை எடுத்தவர் யாருமில்லை. நூலைக் கம்பியில் முடிச்சுப் போட்டால் ஆடும்போது அது கம்பியில் சுற்றி அவிழும், நீளம் மாறிக்கொண்டே இருக்கும். பிளந்த தக்கைக்கு நடுவே நூலைச் செருகி இறுக்கினால்தான் தொங்கும் புள்ளி அசையாது. குண்டு விளிம்புக்குப் போய்த் திரும்பும் இடத்தில் தயங்கும். அதனால் அதிவேகமாகக் கடக்கும் நடுநிலையில் குறி வைத்து நேரமெடுக்க வேண்டும். ஒவ்வொரு மேசையாகக் குனிந்து இதையெல்லாம் காட்டியவர் நீங்கள். இவ்வளவு துல்லியமாகக் கட்டிய ஊசல் சொன்ன எண்ணை அழிக்கவிட எப்படி மனம் வந்தது? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஏனென்றால் ஒவ்வொரு தவறுக்கும் தனி முகம் இருக்கிறது. நூலின் நீளத்தை மட்டும் எடுத்து, 1 செ.மீ. ஆரமுள்ள குண்டை மறந்தால், ஒரு மீட்டரில் 9.70 வரும், பெரிதாகத் தெரியாது. 30 செ.மீ.-க்கு இறங்கினால் 9.47. நீளம் குறையக் குறைய விடை சரிந்தால் ஆரம் விட்டுப்போயிருக்கிறது. வரைபடம் இன்னும் தெளிவு: அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராகக் குறித்துக் கோட்டைப் பின்னால் நீட்டினால், நீள அச்சை −1 செ.மீ.-ல் வெட்டும். சாய்வோ மாறாது, அதிலிருந்து சரியான முடுக்கமே கிடைக்கும். 30 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடி, விடை சுமார் 9.47-க்கு இறங்கும், ஆனால் அது எல்லா நீளத்துக்கும் ஒரே விகிதம். ஒரே 9.47, இரண்டு காரணம். அட்டவணையை அழிக்காமல் வைத்திருக்கிற பிள்ளைதான் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியும்.

இனி என் வகுப்பில் அழிரப்பர் இல்லை. தவறான அளவை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். குறைந்தது ஐந்து நீளம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை.

இதில் உங்களுக்கு வருத்தம் இருந்தால் நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே பதில் எழுத வேண்டாம். பழைய மாணவர்கள் படிக்கிறார்கள்.