பெயர் வைக்கும் முன் வேரைப் பார்

அன்பு மகளுக்கு,

பிறக்கப்போகும் குழந்தைக்கென்று நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிய பெயர்ப் பட்டியல் வந்தது. பெயர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. பக்கத்தில் போட்டிருக்கும் பொருளைத்தான் அப்படியே நம்பிவிடாதே. எது தெரியாவிட்டாலும் 'அழகு', 'ஒளி' என்று எழுதிவிடுகிறார்கள், யார் மனமும் நோகாதல்லவா!

பானுவுக்குச் 'சூரியன்' என்று எழுதியிருக்கிறாய். வடமொழி பானுவுக்கு அது சரி. பானுமதி அதிலிருந்து வந்த பெயர். பாரசீகத்திலும் ஒரு பானு உண்டு, அதற்குச் சீமாட்டி என்று பொருள். வடமொழி எழுத்தில் 'ப' நான்கு வகை (pa, pha, ba, bha); முன்னது மூச்சோடு சொல்லும் நாலாவது 'ப', பின்னது மூன்றாவது 'ப'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். தாராவும் இப்படியே. முதல் 'த' என்றால் விண்மீன்; நாலாவது 'த' என்றால் நீரொழுக்கு, தாரை வார்ப்பது என்கிறோமே, அந்தத் தாரை.

அதனால் ஒலியை வைத்துப் பொருள் தேடாதே. பெயர் எந்த மொழியது என்று முதலில் முடிவு செய். பிறகு அந்த மொழியின் எழுத்தில், நாகரியோ அரபியோ, எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து, அந்த எழுத்தில் அகராதியைத் திற. ஆங்கில எழுத்தை நம்பி இறங்கினால் வழி தவறும். லதாவில் நாம் 'டி'க்குப் பின்னால் ஓர் 'எச்' சேர்ப்போம்; வடக்கே அது மூச்சொலிக்கு மட்டுந்தான்.

ஷீலா இன்னும் வேடிக்கை. வடமொழியில் சீலம், நல்லொழுக்கம். அயர்லாந்தில் அதே ஒலியுள்ள பெயர் செசிலியாவின் திரிபு. அதன் லத்தீன் வேர் 'குருடு' என்ற சொல்லோடு ஒட்டியது.

ஒலி வேறாக இருந்தும் பெயர் ஒன்றாக இருப்பது இதற்கு நேர்மாறு. எபிரேயத்தில் யோஹானான், 'யாவே (கடவுள்) அருள்கூர்ந்தார்'. கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் ஜான், இவான், ஹுவான், ஜொவான்னி, ஷான் என்றெல்லாம் ஆனது. தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியை விட்டுப் பொருளை எடுத்து அருளப்பர் என்றார்கள். பவுல் என்பதன் லத்தீன் மூலத்துக்குச் 'சிறியவர்' என்று பொருள்; அவர் சின்னப்பர் ஆனார். சந்தியாகு மட்டும் ஒலிவழி வந்தது, போர்த்துகீசிய, ஸ்பானிய மொழிகளின் சாந்தியாகோ, அதாவது புனித யாக்கோபு. ஜேம்ஸும் யாக்கோபே. உன் பட்டியலில் உள்ள ஹன்னாவும் யோஹானானில் உள்ள அதே 'அருள்' வேர்தான். எனக்குப் பிடித்தது அது.

தியோடர், டோரத்தி இரண்டிலும் கிரேக்கத்தின் 'கடவுள்', 'கொடை' என்ற அதே இரு சொற்கள்தான், இடம் மட்டும் மாறியிருக்கும். அரபியில் அதாவுல்லா, ஸ்லாவிய மொழிகளில் போக்தான், வடமொழியில் தேவதத்தன் எல்லாம் இந்தப் பொருளே. ஆனால் தேவதத்தன் புத்தரை எதிர்த்து நின்றவன் பெயர். பொருளோடு, முன்பு யார் தாங்கிய பெயர் என்றும் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

எதை வைத்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை இருவரும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று போனால் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அன்புடன்,
அப்பா