பின் சீட்டில் இருக்கும் அமுச்சிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவிநாசி, பெருந்துறை, தாராபுரம், பல்லடம் என்று ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. "குடும்பத்துடன் கோயிலுக்குச் சென்று திரும்பியபோது" என்ற வரி கார் விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் காருக்கு என்ன பாலிசி இருந்தது என்பது மட்டும் செய்தியில் வருவதில்லை. மிஞ்சிய குடும்பம் அடுத்த பத்து வருஷம் எப்படி இருக்கப்போகிறது என்பது பாதி அதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் இன்ஷூரன்ஸ் பேச்சு இரண்டே வகை. புது வண்டி என்றால் "ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்குதுங்க". பழைய வண்டி என்றால் "தேர்டு பார்ட்டி போட்டிருக்குதுங்க, போலீஸ் கேட்டா காட்டோணுமில்ல". இரண்டிலும் கண் வண்டியின் மேலேயே இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்து ஆல்ட்டோவை விற்றால் ஒரு லட்சம் வருமா, அதற்கு எதற்கு ஃபுல் என்று கணக்குப் போடுகிறோம். அதே ஆல்ட்டோவில்தான் அமுச்சியையும் பேரன் பேத்திகளையும் ஏற்றிக்கொண்டு கெடா வெட்டுக்கும் பழனிக்கும் போகிறோம்.

தேர்டு பார்ட்டி மட்டும் உள்ளதை வக்கீல்கள் 'ஆக்ட் பாலிசி' என்பார்கள். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதைத்தான். நம் கார் மோதி ரோட்டில் போகிறவர் இறந்தாலோ காயம்பட்டாலோ விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு தொகை சொன்னாலும் கம்பெனி கட்டும், உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் வண்டி, காம்பவுண்டு சுவர் போன்ற சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் சொந்த உபயோகக் காருக்குள் உட்கார்ந்து வருகிறவர் இந்தப் பாலிசிக்குள் வரமாட்டார். அம்மா, மனைவி, மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி. பேக்கேஜ் பாலிசி, அதாவது ஊரில் ஃபுல் என்று சொல்வது இருந்தால், உள்ளே இருப்பவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரிலேயே இதைச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றிருக்கிறது.

எதிரே வந்த லாரி மேல் தப்பு என்றால் லாரியின் இன்ஷூரன்ஸில் கேட்டு வாங்கலாம். நம் காரை ஓட்டியவர் விடியக்காலை கண் அசந்து பாலத்துச் சுவரில் மோதினால்? வண்டிக்கு ஆக்ட் பாலிசிதான் என்றால் பின் சீட்டில் இறந்தவருக்கான இழப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில் விழும். மருமகள் இறந்து, அவள் பிள்ளைகள் சார்பில் வழக்குப் போட்டால் எதிர்மனுதாரர் சொந்த மாமனார். ஜப்தி வந்தால் தோட்டத்துக்கு வரும்.

இதைத் தவிர்க்க ஆகும் செலவு பெரிதில்லை. 1000 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி கட்டணம் 2,094 ரூபாய். 1500 சிசி வரை 3,416. பேக்கேஜ் என்றால் இதோடு ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி சேரும். ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு, ஒரு லட்சமாக உள்ள சிறிய பழைய காருக்கு அது பழைய டாரிஃப் (கட்டண அட்டவணை) விகிதத்தில் சுமார் 3.25 சதவீதம், அதாவது 3,250 ரூபாய். கம்பெனிகள் அதிலும் தள்ளுபடி தருகின்றன. ரொம்பப் பழைய வண்டிக்குச் சில கம்பெனிகள் பேக்கேஜ் தரத் தயங்கும். இரண்டு மூன்று இடத்தில் கேட்க வேண்டியிருக்கும். பாலிசி விட்டுப்போயிருந்தால் வண்டியைப் பார்த்துப் போட்டோ எடுத்த பிறகுதான் தருவார்கள். அந்த அலைச்சலுக்கு மதிப்பு உண்டு.

கையில் இருப்பது எது என்று தெரிய பாலிசித் தாளின் பிரீமியம் கட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் 'ஓன் டேமேஜ்', மறுபக்கம் 'லயபிலிட்டி', அதாவது தேர்டு பார்ட்டி பகுதி. ஓன் டேமேஜ் பக்கம் சைபராகவோ காலியாகவோ இருந்தால், ஏஜென்ட் வாயால் என்ன சொல்லியிருந்தாலும் அது ஆக்ட் பாலிசிதான்.

ஓட்டுகிறவர் சீட்டில்தான் பெரிய ஓட்டை. தன் தவறால் அடிபட்ட ஓட்டுநர் 'தேர்டு பார்ட்டி' ஆகமாட்டார். அவருக்கென்று இருப்பது 15 லட்ச ரூபாய் 'ஓனர் டிரைவர்' விபத்துக் காப்பீடு. பெயரைப் பாருங்கள்: ஓனர், அவரே டிரைவர், அவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ். மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டி மகன் இறந்தால் இந்த 15 லட்சம் கிடைக்காது. கார் மனைவி பெயரில் இருந்து, அவருக்கு லைசென்ஸ் இல்லாமல், எப்போதும் கணவரே ஓட்டுகிற வீடுகள் எத்தனை! அந்தக் காருக்கு இந்தக் காப்பீடே பொருந்தாது. திருப்பூரில் பனியன் கம்பெனி பெயரிலும் ஈரோட்டில் ஜவுளி நிறுவனத்தின் பெயரிலும் கார் வாங்கி வீட்டுக்கு ஓட்டுகிறோம். கம்பெனி என்பது ஆள் இல்லை, அதற்கு லைசென்ஸும் இல்லை, ஆகவே அங்கேயும் இது கிடையாது. இப்படிப்பட்ட வீடுகளில் ஸ்டியரிங் பிடிக்கிற ஒவ்வொருவரும் தம் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துக்கொள்வதுதான் வழி. அது எந்த வண்டி, யார் பெயர் என்று பார்க்காது. சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்பைப் பாலிசியில் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆகும் தொகை மிகச் சிறியது.

புதுக் கார் வாங்கியவர்கள் ஏமாறும் இடம் வேறு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குத் தேர்டு பார்ட்டியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே போட வேண்டும். தாளில் மூன்று வருஷத் தேதி இருப்பதால் எல்லாமே மூன்று வருஷம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போடப்பட்டிருக்கும். இரண்டாம் வருஷம் புதுப்பிக்காமல் விட்டு, தோப்புக்குள் நிறுத்திய காரின் மேல் தேங்காய்க் குலை விழுந்தால் ஒரு ரூபாய் வராது. புதுப்பித்திருந்தால் அதுவும் கிளைம்தான். ரோட்டில் குறுக்கே வந்த மாடு, காட்டுப்பன்றி மேல் மோதியதும் கிளைம்தான்.

பெயர் மாற்றாத வண்டிகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில்) கார் வாங்கினால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். விற்றவருக்கு ஆபத்து: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட் 2018-இல் சொல்லிவிட்டது. வாங்கியவருக்கும் ஆபத்து: தேர்டு பார்ட்டி தானாக மாறினாலும் ஓன் டேமேஜ் மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியில் பெயரை மாற்ற வேண்டும். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருஷங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, வண்டியோடு வராது, அது விற்றவருடையது. அவர் சான்றிதழ் வாங்கி மூன்று வருஷத்துக்குள் தம் அடுத்த காருக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்பா தவறிவிட்டார், கார் இன்னும் அவர் பெயரிலேயே ஓடுகிறது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரைதான் அந்தப் பாலிசி செல்லும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு 31-ஆம் படிவம் கொடுத்து ஆர்.சி.யை மாற்றி, பாலிசியையும் மாற்றுங்கள். அப்பாவின் போனஸ் இந்த ஒரு சூழலில் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ வரும்.

ஓன் போர்டு (சொந்த உபயோக) காரை சபரிமலை சீசனில் வாடகைக்கு விடுவது, தக்காளிப் பெட்டி ஏற்றி மார்க்கெட்டுக்குப் போவது, இரண்டும் பாலிசிக்கு வெளியே. வாடகைக்குப் போன காருக்கு 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி 2010-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு உண்டு. அதை நம்பி இறங்கினால் முதலில் வருவது நிராகரிப்புக் கடிதம். கேஸ் கிட் பொருத்தியிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்க வேண்டும். பதினெட்டு வயசு ஆகாத பையன் கையில் சாவி கொடுத்தால் இன்ஷூரன்ஸ் போவது ஒருபுறம். பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

பட்டறையில் பில் வந்ததும் "ஃபுல் இன்ஷூரன்ஸ்னு சொன்னீங்க, ஏன் புடிச்சாங்க?" என்ற சண்டை நடக்காத நாளில்லை. கணக்கு இதுதான். மூன்றரை வருஷமான 1200 சிசி கார் என்று வைத்துக்கொள்வோம். முன் பம்பர் 6,000: பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் எதுவானாலும் பாதிதான், ஆக 3,000. பானட் 9,000: தகடு, மூன்று முடிந்து நான்காம் வருஷத்தில் 25 சதவீதம் தேய்மானக் கழிவு, ஆக 6,750. முன் கண்ணாடி 7,000: கண்ணாடிக்குக் கழிவே இல்லை, முழுதும் வரும். பெயின்டிங் 8,000: அதில் கால்வாசி பெயின்ட் பொருள் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 7,000. டிங்கரிங் கூலி 4,000 முழுதாக வரும். 34,000 பில்லுக்கு 27,750; அதில் ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 26,750 (1500 சிசிக்கு மேல் என்றால் 2,000 கழிவு). ஜிஎஸ்டி தனி. கைக்காசு 7,250. 'பம்பர் டு பம்பர்' என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு இருக்காது, கட்டாயக் கழிவு மட்டும் போகும். சின்னப் பம்பர் கீறலுக்கு எதுவானாலும் கிளைம் போடாதீர்கள். போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஐந்து வருஷத்தில் ஏறுகிறது. ஒரு கிளைமில் சைபருக்கு இறங்கும். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்றால் உச்சியில் இருப்பவருக்கு அடுத்த வருஷமே 5,000 நஷ்டம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும்.

மழைக்காலத்தில் கோவை லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம் பக்கம் காரை விடுகிறவர்களுக்கு ஒன்று. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திரும்பத் திருகாதீர்கள். காற்று போகும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போல அமுங்காது; ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் பிளாக்கே உடையலாம். சீட், ஒயரிங், கார்ப்பெட் நனைந்தது சாதாரண பேக்கேஜில் வரும். ஸ்டார்ட் செய்ததால் கெட்ட எஞ்சின் வராது. அதற்கு 'எஞ்சின் புரொடெக்ட்' தனியாக எடுத்திருக்க வேண்டும். தள்ளி மேட்டுக்கு ஏற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, இருந்த நிலையிலேயே போட்டோ எடுத்து, கட்டி இழுத்துப் போங்கள்.

கட்டி இழுக்க அடிப்படைப் பாலிசி கொடுப்பது 1,500 ரூபாய் வரை மட்டும். வால்பாறை நாற்பது கொண்டை ஊசி வளைவிலோ திம்பத்து இருபத்தேழிலோ நின்ற காரைக் கீழே கொண்டுவர அது போதாது. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் ரோடுசைட் அசிஸ்டென்ஸ் சேர்த்துக்கொள்வது நல்லது.

விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இது ஓட்டுநரின் சட்டக் கடமை. வண்டியை நகர்த்தும் முன் நம்பர் பிளேட்டும் அடிபட்ட இடமும் ரோடும் தெரிய நாலு பக்கமும் போட்டோ. அன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து கிளைம் நம்பர் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் பிரிக்க விடாதீர்கள். யார் ஓட்டினார்கள் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள். தம்பி ஓட்டியதை லைசென்ஸ் உள்ள அண்ணன் ஓட்டியதாக எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டில் தம்பி பெயர் 'டிரைவர்' என்று இருப்பதால் முழுக் கிளைமும் போன குடும்பங்கள் உண்டு. உயிர்ச்சேதமோ காயமோ என்றால் தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கம்பெனிகளுக்கும் ஆணையத்துக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் பக்கத்துக் கடைகளில் ஐந்து நிமிஷத்தில் ஆக்ட் பாலிசி அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அந்த முதல் பக்கத்தில் தமிழில், பெரிய எழுத்தில் ஒரு வரி வேண்டும்: "இந்தப் பாலிசியில் காருக்குள் பயணம் செய்பவர்களுக்குக் காப்பீடு இல்லை." அதைப் படித்த பிறகு வாங்குகிறவர் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர்,
ஈரோடு.