பீடி சுத்துற அம்மாவும் ஒரு ராப் பாட்டும்

என்னல மாப்ள, சுகமா இருக்கியா, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காவ? முகூர்த்த நாளா வந்து குமிஞ்சதுல உடனே பதில் போட முடியல. புது ஸ்டுடியோவுக்கு மாறுனதா எழுதிருந்தியே, நைட் வேலை கொஞ்சமாவது கொறைஞ்சுதா? அம்மா உன்னைய கேட்டுட்டே இருக்கா.

ஒரு விசயம் உன்ட்ட சொல்லியே ஆகணும். பாளையங்கோட்டைல விஸ்காம், அதான் சினிமா, மீடியா படிப்பு, படிக்க பயலுவ நாலஞ்சு பேரு நம்ம வீடியோ கடைக்கு வந்தானுவ, காலேஜ் ப்ராஜெக்டுக்கு மியூசிக் வீடியோ எடுக்கணுமாம், பாட்டு அவனுவளே எழுதுன ராப். அதுல ஒருத்தனுக்கு மேலப்பாளையம், அவன் அம்மா பீடி சுத்தி அவனைப் படிக்க வச்சததான் பாட்டா எழுதிருக்கான், கேட்டுட்டு எனக்குப் பேச்சே வரல மாப்ள. ஆனா ஷாட் லிஸ்ட்ட வாங்கிப் பாத்தா வாடகைக் கார், கூலிங் கிளாஸ், கலர் புகை. ஏம்டே இதுன்னா, "ராப்னா இதெல்லாம் இருக்கணும் அண்ணாச்சி, இல்லன்னா ஜானர் வரலன்னு சார் மார்க்கக் கொறைச்சிருவாரு"ங்கான்.

அவன் சொல்லுததுல பாதி சரிதான். மொத பத்து செகண்ட்லயே இது இன்ன மாதிரி பாட்டுன்னு பாக்கவனுக்குப் பிடிபடணும்லா. குத்துன்னா ஆடுதவன் காலு தெரியணும், மெலடின்னா குளோசப்பு, ஸ்லோமோஷன், ராப்னா பாடுதவன் லென்ஸ நேரா பாக்கணும், கேமரா கீழ இருந்து அண்ணாந்து பாக்கணும், பின்னால கூட்டாளிங்க, அவன் வளந்த தெரு, பீட்டுல விழுத கட். இதுல எதையும் நான் விடச் சொல்லல. ஆனா கீழ இருந்து ஏன் எடுக்கோம், ஆளப் பெருசா காட்டத்தான? கார் எதுக்கு, ஜெயிச்சுட்டேன்னு காட்ட. இந்தப் பாட்டுல பெரிய ஆளு அவன் அம்மா, சம்பாரிச்சதும் அவதான், அப்ப அந்த லோ ஆங்கிள அம்மாவுக்கு வைங்கடேன்னேன். மடியில சொளவு, நூலு சுத்துற விரலு, இலைய வெட்டுற கத்தரி சத்தத்த ஸ்நேர் டிரம் அடியோட சேத்து அதுலயே கட் பண்ணுங்கன்னேன். ஹிப்ஹாப்பே 1973ல நியூயார்க் பிராங்க்ஸ்ல, கையில காசில்லாத ஜனங்க இருந்த ஏரியாவுல, ஒரு குடியிருப்புல வச்ச பார்ட்டியில இருந்து வந்ததுதான, காரும் செயினும் பொறவு வந்து ஒட்டிக்கிட்டது.

பின்னால நிக்கவனுவ சும்மா கைய ஆட்டிட்டு நிக்கானுவ, அது எனக்குப் பிடிக்கல. கோயில் கொடைல வில்லுப்பாட்டு கேட்ருக்கோம்லா, புலவர் ஒரு வரி சொன்னா பின்பாட்டுக்காரங்க "ஆமா"ம்பாங்க, ராப்ல வரிக்கு நடுவுல அட்லிப்னு சின்னச் சின்ன சத்தம் போடுததும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒவ்வொரு வரி முடியவும் அந்த "ஆமா"வ போட்டு அந்த மேலப்பாளையத்துப் பய பாடிக் காமிச்சான், பாட்டே எந்திரிச்சு நின்னுட்டு மாப்ள!

ஒரு இடத்துல ஸ்லோமோஷன்லயும் வாயசைவு சேரணும்னு கேட்டானுவ. பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு அதுக்குப் பாடு, செகண்டுக்கு 50 ஃப்ரேம்ல எடுத்து, எடிட்டிங்ல 25 ஃப்ரேம் டைம்லைன்ல போடு, உடம்பு மெதுவா அசையும், வாய் பாட்டோட சேந்து வரும்னு செஞ்சு காட்டுனேன். அந்த வேகத்துக்கு ராப் பாட வாய் வராது, அதனால "அம்மா"ன்னு இழுக்க அந்த ஒரு வரிக்கு மட்டும் வச்சிருக்கோம்.

ஞாயித்துக்கிழம ஷூட்டிங், அவங்க அம்மா சரின்னுட்டாவ. பாட்ட அனுப்பிருக்கேன், வாய்ஸ் அமுங்கிக் கெடக்க மாதிரி இருக்கு, ஹெட்போன்ல கேட்டுட்டு என்ன செய்யணும்னு எழுது. கத்தரி சத்தத்தத் தனியா எடுக்கணும், வீட்டுக்குள்ள ஃபேன் சத்தம் வேற இருக்கும், மைக்க எவ்வளவு கிட்டத்துல வைக்கணும்னும் சொல்லு, சனிக்கிழமைக்கு முன்னால.