எஞ்சினியர் ஐயாவின் மகளுக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஐயா காலமாகி 31ஆம் நாளன்று கனடாவிலிருந்து போனில் ஒன்று சொன்னீர்கள். "மழை நாளில அப்பா வீட்டில நின்றதே இல்லை அண்ணா. என்ட பிறந்தநாள் ஜனவரியில. ஒரு கேக் வெட்டுக்குக்கூட இருந்ததா ஞாபகம் இல்லை." மடியில் பேத்தி அழுதுகொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்ல வாய்க்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர், அவர்களும் வாசிக்கட்டும் என்று எல்லாருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

ஐயா எங்கள் ஊருக்கு முதலில் வந்தது, 1978 சூறாவளிக்கு அடுத்த வருசம், ஒரு மதகு கட்ட. என் அப்பா அப்போது வட்டவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் முறையைப் பார்க்கிறவர். "ஐயா, மாரியில தண்ணி இந்தப் பக்கத்தால மட்டும் வராது. மேல் குளம் வான் பாஞ்சா அங்காலயும் வரும். இந்த வாய் காணாது" என்றாராம். படித்துவிட்டு வந்த இளந்தாரி கேட்பாரா? அடுத்த மாரியில் மதகும் போனது, ரோட்டும் போனது. வேறு ஆள் என்றால் பழியை மழையின் தலையில் போட்டிருப்பார். இவர் எங்கள் திண்ணையில் வந்து குந்திக்கொண்டு, "வேற எங்கெங்கால தண்ணி வரும், சொல்லுங்க" என்று கேட்டு எழுதினார். இப்போது நிற்கிற மதகுக்கு மூன்று வாய். புதிதாக வேலைக்கு வந்த பொடியன்களை அந்த வழியால் கூட்டிப் போகும்போதெல்லாம் ஜீப்பை நிறுத்தி, "இதில முந்தி நான் கட்டினது நின்றது, என்ட பிழை" என்று காட்டுவார்.

அதற்குப் பிறகு அம்பாறைக்கு மாற்றமாகிப் போனார். 1980களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்திய காலம் அது. மேலே சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் கடல் மாதிரிக் கிடக்கும், கீழே கடைவாய்க்கால் வயலுக்குக் கோடைச் சிறுபோகத்தில் தண்ணீர் எட்டாது. மேற்பக்கம் சிங்கள ஆட்கள், கடைசியில் தமிழ் ஆட்கள். விவசாயிகளையே கூட்டிப் பேச வைத்து, அவர்களே முறை வைத்துத் தண்ணீர் விட்டதும் கடைவயல் நனைந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். அந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சலித்ததும் உண்டு.

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கிற எங்கள் படுவான்கரைக்கு வர யார் விரும்பினார்கள்? மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான். அதுவரைக்கும் பாதைதான். (உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்ப்பது.) அதில் வந்து இறங்குவார். பாதை ஓடாத நாளில் தோணி.

இனி 2011 ஜனவரி. வெள்ளம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஐயா பென்சனுக்குப் போய்விட்டார், வரவேண்டிய கடமை எதுவும் இல்லை. எங்கள் சின்னக் குளத்தின் கட்டு அடியில் ஊறுகிறது என்று கேள்விப்பட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டோச் லைட்டோடு இரவே வந்து நின்றார். மற்றக் கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். தேத்தண்ணி கேட்கிறாராக்கும் என்று நினைத்தோம்.

ஊறி வந்த தண்ணீரைக் கிளாஸில் பிடித்தார். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, டோச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தார். "கட்டு எண்டா கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும் மனே. தெளிஞ்சு வந்தாப் பயமில்லை. கலங்கி வந்தா உள்ளுக்குள்ள மண் அரிபடுது." இரண்டு கிளாஸ் தெளிவு. இரண்டு மணி போலப் பிடித்த மூன்றாவதில் அடியில் மெல்லிசாகக் களி படிந்தது.

ஓட்டையை அடைக்கப் பாய்ந்தோம். சத்தம் போட்டார். ஐயா அப்படிச் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். "அடைச்சா வேற இடத்தால பிச்சுக்கொண்டு வரும்! தண்ணி போகட்டும், மண்தான் போகக்கூடாது." முதலில் ஆற்றுமணல், அதற்கு மேலே சல்லி, சுற்றிவர மண்மூட்டை. கோவில் வேலைக்கு வைத்திருந்த சல்லி முழுக்க அதற்குப் போனது. பிறகு உரப்பையை விரித்துக் குந்திக்கொண்டு, கால்மணிக்கு ஒருக்கால் கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

விடியப்போகிற நேரம் போனை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இல்லை. "மகளுக்கு இண்டைக்குப் பிறந்தநாள்" என்றார். என்ட போனைக் கொடுத்தேன், உங்கள் நம்பர் அவருக்குப் பாடமில்லை. மறுகா ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிளாஸ் தெளிந்து வந்தது.

அந்தக் கிளாஸ் உங்கள் வீட்டுக் குசினி யன்னலில்தான் இருந்தது. 31 அன்று பாத்திரம் கழுவின பெண்டுகள் மற்றக் கிளாஸ்களோடு சேர்த்து அடுக்கப் பார்த்தார்கள். நான் எடுத்து வந்துவிட்டேன். வீடு உங்கள் பெயரில் உள்ள வீடு, பொருளும் உங்களுடையது, கேட்காமல் எடுத்தது பிழைதான். இந்த மாரி மட்டும் என்னிடம் இருக்கட்டும். முடிந்ததும் கொண்டுபோய் அதே யன்னலில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
வட்டவிதானையின் மகன்