துணைக் காப்பீடு விற்பவர்களுக்கும் அதற்கு அனுமதி தருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளுக்கும் வணக்கம்.

காப்பீடே இல்லாதவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நான் எழுதுவது காப்பீடு வைத்திருப்பவர்களுக்காக. தவறாமல் பிரீமியம் கட்டிவிட்டு, பில் கைக்கு வந்த பிறகுதான் தங்கள் பாலிசி எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொள்கிறார்களே, அவர்களுக்காக.

உலக சுகாதார நிறுவனம் தன் 2010 அறிக்கையில் மூன்று கேள்விகள் கேட்டது. பாதுகாப்பு யாருக்கு இருக்கிறது, எந்தச் சிகிச்சைகளுக்கு இருக்கிறது, செலவில் எவ்வளவு பங்குக்கு இருக்கிறது? கையில் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. காத்திருப்புக் காலம், விலக்குகள், பில்லில் நம் பங்காகக் கட்ட வேண்டிய கோ-பே, முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை, உச்சவரம்பு எல்லாம் மற்ற இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும். விற்கும்போது அவற்றைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

இந்த இடைவெளி பணத்தோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 1970களில் தொடங்கி 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. கைக்காசு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையில்லாததை மட்டுமல்ல, தேவையானதையும் சேர்த்தே குறைத்தார்கள்.

சரி, இடைவெளியை அடைக்கத்தான், இருக்கும் பாலிசிக்கு மேல் வாங்கும் துணைக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். என் மனக்குறையே அங்கேதான். எந்த இடைவெளியை அது அடைக்கிறது என்று வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை.

இந்தியாவில் விற்கும் டாப்-அப் பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் 5 லட்சத்துக்கு அடிப்படைக் காப்பீடு இருக்கிறது. 5 லட்சத்துக்கு மேல் போனால் கொடுக்கும் டாப்-அப்பும் வாங்குகிறார். ஒரே ஆண்டில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர வேண்டி வருகிறது, ஒவ்வொரு முறையும் 4 லட்சம் செலவு. மொத்தம் 8 லட்சம். அடிப்படைப் பாலிசி 5 லட்சத்தோடு தீர்ந்துவிடும். டாப்-அப் மிச்சம் 3 லட்சத்தைத் தரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாதாரண டாப்-அப் தராது. அது ஒவ்வொரு க்ளைமையும் தனித்தனியாகப் பார்க்கும், எந்த க்ளைமும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை. ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும் சூப்பர் டாப்-அப்பாக இருந்தால் அந்த 3 லட்சம் வந்திருக்கும். இரண்டுக்கும் பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். வாங்கும் நாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஐந்து நிமிடம் கூட ஆகாது.

தீவிர நோய் பாலிசியும் இப்படித்தான். நோய் உறுதியானதும் மொத்தமாகப் பணம் வரும் என்று சொல்லி விற்கிறார்கள். நோயின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, பாலிசி வரையறுத்த தீவிரத்தையும் அது எட்டியிருக்க வேண்டும். பரவத் தொடங்காத ஆரம்பநிலைப் புற்றுநோயைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. நோய் உறுதியான பிறகு இத்தனை நாள் உயிரோடு இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் பலவற்றில் உண்டு. குடும்பத்துக்கு அது எப்போது தெரியவருகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, அடிப்படைக் காப்பீடு ஏற்காத சிகிச்சையைத் துணைக் காப்பீடு ஏற்கும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் மேல் வாங்கும் துணைக் காப்பீடான மெடிகேப் பெரும்பாலும் மெடிகேர் ஏற்ற சிகிச்சையில் நோயாளி தலையில் விழும் பங்கைத்தான் கட்டும். நீண்டகாலப் பராமரிப்பு, பல், கண்ணாடி, காதுக்கருவி போன்றவை பொதுவாக இதிலும் வராது.

ஆனால் அதே மெடிகேப்பில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 1990இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அந்தப் பாலிசிகளைத் தரப்படுத்தி, எழுத்துகளால் பெயரிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் ஒரே எழுத்துப் பாலிசிக்கு எந்த நிறுவனத்திலும் ஒரே அடிப்படைப் பலன்கள்தான். விலையையும் சேவையையும் ஒப்பிட்டால் போதும். இந்தியாவிலும் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் தாளை, புதுப்பித்த வடிவில் 2024 ஜனவரி முதல் பாலிசியோடு தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அது ஒரு பாலிசியைத்தான் விளக்குகிறது. இரண்டு பாலிசிகள் சேரும்போது நடுவில் என்ன விட்டுப்போகிறது என்பதை அது காட்டாது.

அதனால் நான் கேட்பது இது. துணைக் காப்பீடு விற்கும்போது, வாங்குபவரிடம் ஏற்கெனவே இருக்கும் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு மாதிரி பில்லை எடுத்து, முதல் பாலிசி எவ்வளவு கொடுக்கும், இரண்டாவது எவ்வளவு கொடுக்கும், அவர் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அவர் படிக்கும் மொழியில் கொடுங்கள். எதையும் புதிதாக அடைக்காத பாலிசி என்றால் அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒழுங்குபடுத்துபவர்கள் அந்தப் பக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும். க்ளைமில் தகராறு வந்தால் அதையே ஆதாரமாக ஏற்கவும் வேண்டும்.

நிறுவனங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த புதுப்பித்தல் கடிதத்தோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

இப்படிக்கு,
பிரீமியம் கட்டுபவர்களில் ஒருவர்