ஊர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், கொல்லத்திலும் திருப்பூரிலும் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் மட்டும் கூட்டத்துக்கு வரும் தம்பிமார்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி தனியாக வாசிப்பார், அதில் நான் தலையிடவில்லை.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு எரிகிறது. சுடுகாட்டுப் பாதைக்குக் கொடுத்த மனு இன்னும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. எம்சாண்ட் ஏற்றிக்கொண்டு எல்லையில் இருக்கிற புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரிகள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊருக்குள் பறக்கின்றன என்று எழுதிக் கொடுத்தோம், இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டுவிட்டார்கள், ஆனால் வெள்ளைப் பெயின்ட் அடிக்கவில்லை, ராத்திரி பைக்கில் வருகிறவர்கள் பார்த்து வாருங்கள். சரி, அவ்வளவுதான். இந்த வருஷம் சங்கம் உருப்படியாகச் செய்தது எல்லாம் புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கடைசியில் ஒரு தீர்மானம் கேட்கப்போகிறேன்.

கார் போக நெல் அறுப்பு இந்த முறை தள்ளிப் போய் புரட்டாசி மழையில் மாட்டிக்கொண்டது. அறுவடை மிஷின் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும், வயலில் ஈரம் இருந்தால் மிஷின் இறங்காது, இறங்கினால் வைக்கோல் மிதிபட்டுப் போகும், அப்புறம் வைக்கோல் வாங்க வருகிற கேரளா வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். நெல்லைத் தார் ரோட்டில்தான் காயப்போட்டோம். வண்டிக்காரர்களுக்கும் நமக்கும் தினம் ஒரு சண்டை. களம் கட்டித் தரச் சொல்லி எத்தனை மனு கொடுத்தாலும், ரோடு இருக்கும்வரை களம் வராது என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

குளத்துக்குத் தண்ணீர் வரும் கால், அதாவது கால்வாய், விஷயம்தான் உண்மையில் வயிற்றெரிச்சல். தூர்வார வேண்டும் என்று சித்திரைக் கூட்டத்தில் கை தூக்கினோம். பிறகு ஆனி ஆடியில் குற்றால சீசன், பாதிப் பேர் கடை போடப் போய்விட்டார்கள், ஆவணியில் கல்யாணங்கள். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்த பிறகுதான் ஆள் சேர்ந்தது, முழங்கால் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டோம். பாதிக் கால்தான் சுத்தமானது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்துவிட்டதால் யாரும் இப்போது வாய் திறப்பதில்லை, ஆனால் மேலப்பத்து வயல்களில் அடுத்த போகமான பிசானத்துக்குப் பாவியிருந்த நாற்று இரண்டு தடவை முங்கியதை அந்த வயல்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தென்னந்தோப்புகளில் யானை இறங்கிய விவகாரத்துக்கு வனத்துறையிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், அது தனிக் கதை.

அப்புறம் தீபாவளி. ஊரில் பிறந்து வெளியே பிழைக்கிற எல்லாரும் ஒன்றாக இருக்கிற நாட்கள் வருஷத்தில் அவ்வளவுதான். இந்த முறை மழை விடவே இல்லை, கரண்டும் போய்விட்டது, வெடி நமத்துவிட்டது, பிள்ளைகள் எல்லாம் சங்கக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார்கள், பின்னாலேயே பெரியவர்களும் வந்தார்கள். ஒரு மைனி வீட்டிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் வந்தது. அங்கேதான் ஒரு கல்லூரிப் பிள்ளை, பெரியவர்கள் பேசுவதை எழுதி வைக்கலாமே என்று ஒரு நோட்டை எடுத்தாள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அடுத்தடுத்த சாயங்காலங்களிலும் ஆட்கள் தானாக வந்தார்கள்.

அதிகம் பேசியது ரயிலைப் பற்றி. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 1904-இல் வந்த பாதை, மீட்டர் கேஜ், பகவதிபுரம் தாண்டினால் மலை, அதனால் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டித் தள்ள வேண்டும். குகைக்குள் நுழையும் முன் சன்னலை இறக்காவிட்டால் வெள்ளைச் சட்டை கரிச்சட்டையாகிவிடும். அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில் அந்த ரயிலில்தான் நம்ம ஊர்ப் பெண்கள் அரிசி கடத்தினார்கள். கடத்தல் என்று எழுதாதே, பிழைப்பு என்று எழுது என்று ஒரு ஆச்சி கறாராகச் சொல்லிவிட்டார். இடுப்பைச் சுற்றித் துணிப்பையில் கட்டிக்கொண்டு, மேலே சேலை சுற்றி, மாசமாக இருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார்களாம். சோதனைக்கு ஆள் ஏறுவது தெரிந்தால் மூட்டையைச் சன்னல் வழியாகத் தள்ளிவிட வேண்டும், கீழே பொறுக்க ஒரு ஆள் நிற்பான், அவன் நம்ம ஆளாக இருக்கவேண்டியது முக்கியம். 2010-இல் அந்தப் பாதையை அகலப்படுத்த மூடி, 2018-இல்தான் மறுபடி ரயில் விட்டார்கள். நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் அந்தப் பாதையிலுள்ள பதிமூன்று கண் பாலம் செல்ஃபி எடுக்கிற இடம், அவ்வளவுதான்.

1956 நவம்பர் 1-ஐப் பற்றியும் பேச்சு வந்தது. அதுவும் ஐப்பசி பாதியில்தான் வருகிறது. அதுவரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம், அன்றிலிருந்து சென்னை மாநிலம், ஆரியங்காவு கேரளாவோடு போனது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள் என்று ஒரு தாத்தா சொல்ல, ஒன்றும் கொடுக்கவில்லை, நீ வேறு எதற்கோ கொடுத்ததைச் சொல்கிறாய் என்று கூடப் படித்தவரே மறித்தார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். அக்காளை ஆரியங்காவில் கட்டிக்கொடுத்திருந்த ஆச்சிக்கோ மிட்டாயெல்லாம் ஞாபகம் இல்லை. அக்காள் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனால் கேள்வி கேட்க ஆள் வந்தது மட்டும்தான் ஞாபகம்.

‘99 வெள்ளம்’ என்று ஒருவர் ஆரம்பித்ததும் பையன்கள் 1999 என்று நினைத்துக்கொண்டு செல்போனில் தேடினார்கள். அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. சொன்னவரும் பார்த்ததில்லை, அவர் அம்மா புனலூரில் பிறந்தவர், அங்கே கேட்டுச் சொன்ன கதை. நம்ம வீட்டுப் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கிறது, 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருஷம் வந்துவிடும். பரணில் வைத்திருப்பவர்கள் கரையான் தின்னும் முன் எடுத்துப் போட்டோ எடுத்துக் கொடுங்கள்.

கார்த்திகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றாம் தேதியிலிருந்து மாலை போட்ட சாமிமார் வண்டிகளுக்கு ரோட்டோரம் சுக்குக் காபி கொடுத்தோம், டம்ளரைக் கழுவுவதற்கு மட்டும் எப்போதும் ஆள் குறைவு. தீபத்தன்று ஓலைக் கொழுக்கட்டை எல்லா வீட்டிலும் இருந்தது. சொக்கப்பனை ஈரத்தில் லேசில் பிடிக்கவில்லை, யாரோ பெட்ரோல் ஊற்றினார்கள், பெயர் தெரியும், இங்கே சொல்லமாட்டேன், இனி செய்யக் கூடாது. மார்கழி பிறக்கிற சமயம் அச்சன்கோவில் ஐயப்பனுடைய ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகச் சுற்றி வருமே, கேரளத்துக் கோயிலுக்குக் கேரளத்திலிருந்து தமிழ்நாடு வழியாகப் போகிற பெட்டி, அதைப் பார்க்க ஊரிலிருந்து ஒரு வேன் போனது. கேரள போலீசும் நம்ம போலீசும் ஒரே வண்டிக்குக் காவலாக வந்ததைப் பையன்கள் வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

இனி தீர்மானம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தைச் சித்திரையிலிருந்து ஐப்பசிக்கு, தீபாவளிக்கு மறுநாள் என்று மாற்ற வேண்டும். ஊர் கூடுகிற நாளில் கூட்டம் வைக்காமல், ஆளில்லாத வெயிலில் நாற்காலிக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கால் தூர்வாருவதற்குக் கூட்டம் வரை காத்திருக்காமல் ஆவணி கடைசி ஞாயிறு என்று நிரந்தரமாக வைத்துவிடலாம், வராத வீட்டுக்கு ஒரு ஆள் கூலி என்பது என் யோசனை. தலைவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, சித்திரை ஒன்று நல்ல நாள் என்கிறார். அவருடைய பக்கத்தையும் அவர் பேசட்டும், பிறகு கை தூக்குங்கள்.

நோட்டு இப்போது நூலக அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம். கையெழுத்து நன்றாக உள்ள இரண்டு பேர் வேண்டும், டைப் அடிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. அடுத்த சொக்கப்பனைக்குப் பனை ஏறி ஓலை வெட்டத் தெரிந்தவர்களும் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள், போன முறை ஏறியவருக்கு முட்டுவலி.