கோமாரிக்கு ஃபினாயில் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடுகளின் வாயிலும் காலிலும் கொப்புளம் உண்டாக்கும் கோமாரி நோய்க்கான தடுப்பூசி முகாம் பற்றிய அறிவிப்புகளில் தேதியும் ஊரும் தவறாமல் இடம்பெறுகின்றன. தொழுவத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது விடுபட்டுப்போகிறது. பக்கத்து ஊரில் நோய் என்று கேள்விப்பட்டதும் பலர் வாசலில் ஃபினாயில் தெளித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இது கவலைக்குரியது.

கோமாரி வைரஸ் பிகோர்னா குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 30 நானோமீட்டர் அளவுள்ள புரத ஓடு, உள்ளே ஓர் ஆர்என்ஏ இழை, அவ்வளவுதான். கொழுப்புறை கிடையாது. சோப்பு போன்றவை கொழுப்புறையைக் கரைத்துத்தான் பல வைரஸ்களை அழிக்கின்றன. இங்கே கரைக்க ஒன்றுமில்லை. சாணம் கலந்த தரையில் ஃபினாயிலையும் நம்ப முடியாது. ஆனால் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6க்குக் கீழே இறங்கி அமிலமானாலோ 9க்கு மேலே ஏறிக் காரம் மிகுந்தாலோ இந்த வைரஸ் தாங்காது.

ஆகவே மலிவான சலவை சோடாவே போதும். தூளாக இருந்தால் லிட்டருக்கு 40 கிராம். நீர் கோத்த கட்டியாக இருந்தால் 100 கிராம். ஆப்ப சோடா உதவாது, அதன் காரம் போதாது. முதலில் சாணத்தைச் சுரண்டி எடுத்துத் தரையைக் கழுவ வேண்டும். அழுக்குக்குள் வைரஸ் பதுங்கிக்கொள்ளும். பிறகு கரைசலை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். வாசலில் சாக்கை நனைத்துப் போட்டால் தினமும் கரைசலை மாற்ற வேண்டும். அலுமினியப் பால் கேன்களில் இது படக் கூடாது, அரித்துவிடும்.

குதிரைக்குக் கோமாரி வராது. ஆனாலும் குதிரையின் குளம்பில் ஒட்டிய சேறு மாட்டுத் தொழுவத்துக்கு நோயைக் கொண்டுவரும்.

நோய் கண்ட பசுவிடம் கன்றைப் பால் குடிக்க விடவே கூடாது. கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் கன்று திடீரென்று விழுந்து செத்துவிடும்.

2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் போடப்படும் ஊசி ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று கோமாரி வைரஸ் வகைகளுக்கும் சேர்த்தது. ஒன்றுக்கு உண்டாகும் எதிர்ப்பு மற்றொன்றைத் தடுக்காது. நான்கு மாதக் கன்றுக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை. அந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் பட்டாலும் உறைந்தாலும் வீண். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். நோய் வெளிப்படவும் 2 முதல் 14 நாள் ஆகலாம் என்பதால், ஏற்கெனவே தொற்றிய மாட்டுக்கு ஊசி போட்ட பின் நோய் தெரிந்தால் பழி ஊசி மேல் விழுகிறது. பால் ஓரிரு நாள் சற்றுக் குறைவது உண்மை, திரும்பிவிடும்.

சந்தை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள், மாடு ஏற்றிவரும் வண்டிகளின் தளத்துக்கும் சக்கரத்துக்கும் சோடாக் கரைசல் தெளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். முகாம் அறிவிப்பிலேயே கன்றுகளின் இரண்டாம் தவணைத் தேதியையும் கால்நடைப் பராமரிப்புத் துறை சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்